நாய்க்கும் ஒரு பஞ்சாங்கம் வேண்டும்

எங்கள் பகுதியில் காலை நடைக்கு வருகிற பெரியவர்களில் பலர் கையில் நாய்ச் சங்கிலி இருக்கிறது. நாயை வாங்கியது பெரும்பாலும் மகனோ மகளோ. வாங்கியவர்கள் இப்போது பெங்களூரிலும் நியூஜெர்சியிலும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நம்மைக் கேட்பதற்கு முன்பு "நாய் எப்படி இருக்கு?" என்று கேட்கிறார்கள். நாய் நம்மிடம் இருக்கிறது. பென்ஷன் வாங்கிக்கொண்டு, முழங்கால் வலியோடு, நாம்தான் அதை வளர்க்கிறோம்.

ஆகவே இதை நம் வயதுக்காரர்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான். நம் வீட்டு நாய்களுக்குப் பாசத்தில் குறைவில்லை. பிஸ்கட் இருக்கிறது, பிறந்தநாள் கேக் கூட இருக்கிறது. பருவம் தெரிந்த கவனிப்புதான் இல்லை. வைகாசி வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் மார்கழிப் பனிக்கும் ஒரே சங்கிலி, ஒரே இடம், ஒரே தட்டு.

இது நமக்குத் தெரியாத வித்தையா? லால்குடிப் பக்கம் எங்கள் தாத்தா வீட்டில் நாலு மாடுகள் இருந்தன. கோடையில் உச்சிப்பொழுதுக்கு முன் மாடு நிழலுக்கு வந்துவிட வேண்டும். மழைக்காலத்தில் தொழுவத்தில் ஈரம் நிற்கக் கூடாது, காலடியில் காய்ந்த வைக்கோல் இருக்க வேண்டும். கொசுத் தொல்லை அதிகமானால் அந்தி நேரத்தில் வேப்பிலை மூட்டம். இதையெல்லாம் யாரும் புத்தகம் படித்துச் செய்யவில்லை. மாதம் மாறினால் மாட்டுக்குச் செய்யும் வேலையும் மாறும், அவ்வளவுதான்.

அந்த வீட்டில் ஒரு நாயும் உண்டு. அதற்கு யாரும் எதுவும் செய்ததில்லை. "எங்கள் காலத்தில் நாய்க்கு ஊசியா போட்டோம், டாக்டரா பார்த்தார்? பழைய சோற்றைத் தின்றுவிட்டுப் பத்து வருஷம் இருந்ததே" என்று என் நண்பர்கள் சொல்வது அதனால்தான். அது பாதி உண்மை. பத்து வருஷம் இருந்த அந்த ஒரு நாயைத்தான் நாம் ஞாபகம் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு மழைக்காலத்திலும் திண்ணைக்கடியில் செத்துப்போன குட்டிகளை யாரும் கணக்கெடுக்கவில்லை.

மீதிப் பாதி இன்னும் முக்கியமானது. அந்த நாய் கட்டிப்போடப்படவில்லை. வெயில் ஏறினால் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தது. பைப்படிக்குப் பக்கத்தில் ஈர மண்ணைப் பறித்துக் குழி செய்து வயிற்றை அதில் வைத்துக்கொண்டது. மழை வந்தால் வைக்கோல் போர். பனி விழுந்தால் அடுப்பங்கரைச் சாம்பல். இன்றைக்கும் தெருநாய்களைக் கவனித்துப் பாருங்கள், மதியம் 2 மணிக்கு வெயிலில் படுத்திருக்கும் தெருநாய் ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம்.

நாம் செய்தது என்ன? நாயைக் கேட்டுக்குள் கொண்டுவந்தோம். மண் தரையை எடுத்துவிட்டுச் சிமெண்டும் டைல்ஸும் போட்டோம். ஆறடிச் சங்கிலியில் கட்டினோம். கழுத்தில் பட்டையை மாட்டிய அன்றே நிழல் தேடும் வேலை நாயிடமிருந்து நம்மிடம் வந்துவிட்டது. அது தயவு இல்லை, கடன். என் வாதம் முழுவதும் இந்த ஒரு வரியில்தான் நிற்கிறது.

இனி மாதவாரியாகப் பார்ப்போம்.

சித்திரை, வைகாசி

திருச்சி வெயிலைப் பற்றித் திருச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி மே 28 வாக்கில் முடியும். ஆனால் பங்குனியிலேயே தரை கொதிக்க ஆரம்பித்துவிடுகிறது.

நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும், அந்த வியர்வை காயும்போது உடம்பு குளிரும். நாய்க்கு அந்த வசதி இல்லை. பாதங்களின் அடியில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதுதான் அது சூட்டை வெளியேற்றும் வழி. சுற்றியுள்ள காற்றே சூடாக இருந்தால், அல்லது புழுக்கமாக இருந்தால், எவ்வளவு இரைத்தும் பயன் குறைவு. நாயின் இயல்பான உடல் சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 104-ஐத் தாண்டினால் ஆபத்து. 106-க்கு மேல் போனால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். உயிர் போவதற்கு ஒரு மதியம் போதும்.

நடைக்கு அழைத்துப் போகும் நேரம் மாற வேண்டும். காலை 6 மணிக்குள் கிளம்பி 7 மணிக்குள் திரும்பிவிடுங்கள். மாலையில் பொழுது சாய்ந்தால் மட்டும் போதாது, தார் ரோடு ஆற வேண்டும். புறங்கையை ரோட்டில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். நம்மால் வைக்க முடியவில்லை என்றால் நாயாலும் நடக்க முடியாது. நாம் செருப்புப் போட்டுக்கொண்டு நடக்கிறோம் என்பது நமக்கு மறந்துபோகிறது.

தகரக் கூரை போட்ட கார் ஷெட்டும் மொட்டைமாடியும் கோடையில் நாய்க்கு ஆகாது. மாடிப்படிக்குக் கீழ் உள்ள மூலை, கிணற்றடி, காற்று வரும் நடை, இவை நல்லது. ஒரு கோணிச் சாக்கை நனைத்துப் போட்டால் அதுவே ஏர்கண்டிஷன். எவர்சில்வர் தட்டில் வைத்த தண்ணீர் பத்து மணிக்கே சுட ஆரம்பித்துவிடும். அகலமான மண்தொட்டி ஒன்று வாங்குங்கள், இரண்டு இடத்தில் வைத்தால் இன்னும் நல்லது. சாப்பாட்டை வெயிலுக்கு முன்பும் இருட்டிய பிறகும் வையுங்கள். உப்பும் தாளிப்பும் இல்லாத மோர்சாதம் பெரும்பாலான நாய்களுக்கு ஒத்துக்கொள்ளும். கடைக்குப் போய் "ஐந்தே நிமிஷம்" என்று பூட்டிய காரில் நாயை விட்டுப் போகிறவர்கள் முதலில் தாங்கள் அந்த ஐந்து நிமிஷம் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்து பார்க்கட்டும்.

நிற்காத இரைப்பு, கெட்டியான எச்சில், மிகவும் சிவந்த ஈறு, தள்ளாட்டம், வாந்தி, இவற்றைக் கண்டால் வெயில் தாக்கிவிட்டது என்று பொருள். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், குழாய்த் தண்ணீரை வயிற்றிலும் தொடையிடுக்கிலும் பாதங்களிலும் ஊற்றி, விசிறியைப் போடுங்கள். ஐஸ் கட்டி வேண்டாம். வாயில் தண்ணீரைப் புகட்டவும் வேண்டாம், தானாகக் குடித்தால் குடிக்கட்டும். எழுந்து நடந்துவிட்டாலும் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். உள்ளே நடந்த சேதம் மறுநாள்தான் தெரியவரும்.

ஆடி, ஆவணி

அம்மி பறக்கிற காற்றில் கண்ணில் தூசி விழும். ஒரு ஈரத்துணியால் கண்ணையும் காதையும் துடைத்துவிட்டால் போதும். இந்த இரண்டு மாதங்களை நான் மழைக்கு முந்திய ஏற்பாட்டுக் காலமாகத்தான் வைத்திருக்கிறேன். ஆடிப்பெருக்கு முடிந்த வாரத்தில் எங்கள் மணிக்குத் தடுப்பூசி. இந்தத் தேதியை எனக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை, சித்ரான்ன வாசனையே நினைவூட்டிவிடும்.

வெறிநோய் ஊசி சட்டத்துக்காகவோ அக்கம்பக்கத்துக்காகவோ மட்டும் போடுவது இல்லை. அறிகுறி தெரிந்துவிட்டால் நாயும் பிழைக்காது, மனிதரும் அநேகமாகப் பிழைப்பதில்லை. குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தவறாமல். "வீட்டை விட்டு வெளியே போகாத நாய்தானே" என்று சொல்லாதீர்கள். கேட்டைத் திறந்து வைத்தால் அது போவதற்கு அரை நிமிஷம் ஆகாது. கூடவே எலிக்காய்ச்சல், பார்வோ, டிஸ்டெம்பர் இவற்றுக்கான ஊசியும் உண்டு. குடற்புழு மருந்தையும் அப்போதே கேட்டுவிடலாம்.

ஆவணியை ஒட்டி நாய்கள் இணைசேரும் காலமும் வரும். கட்டிப்போட்ட ஆண்நாய் ஊளையிடும், சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடும், கடிபட்டு வரும். அதை அடிப்பதில் நியாயமில்லை. கருத்தடை அறுவைச் சிகிச்சையைப் "பாவம்" என்கிறவர்கள், பெண்குட்டிகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய்க் காவிரிக்கரையில் விடுவதை என்ன சொல்லால் அழைப்பார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

ஐப்பசி, கார்த்திகை

நமக்கு வடகிழக்குப் பருவமழை. நாய்க்கு அது உண்ணிப் பருவம்.

உண்ணி நாயின் மேல் மட்டும் இருப்பதில்லை. பெண் உண்ணி ரத்தம் குடித்துப் பருத்ததும் கீழே இறங்கிச் சுவர் விரிசலிலும் கதவு நிலையிலும் போய் ஆயிரக்கணக்கில் முட்டை வைக்கிறது. நாயைக் குளிப்பாட்டிவிட்டு நாய் படுக்கும் இடத்தைச் சுத்தம் செய்யாவிட்டால் பாதி வேலைகூட முடிந்ததாகாது. சுவர் விரிசலை அடையுங்கள். சாக்கைக் கொதிநீரில் போட்டு வெயில் வரும் நாளில் காயவையுங்கள். தினமும் காதுக்குள், கழுத்துப் பட்டைக்கு அடியில், கால் விரல்களுக்கு நடுவில் பாருங்கள். கிடைத்த உண்ணியைச் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்து, சோப்புத் தண்ணீரில் போடுங்கள். நகத்தால் நசுக்க வேண்டாம். மண்ணெண்ணெய் தடவுகிற பழைய கைவைத்தியம் இன்னும் பல வீடுகளில் நடக்கிறது. அது தோலைப் புண்ணாக்கும், நக்கினால் வயிற்றுக்குள் போகும். மருந்தை மருத்துவரிடம் கேட்டு, நாயின் எடைக்கு ஏற்றபடி வாங்குங்கள்.

இரண்டு நாள் சாப்பிடாமல் சுருண்டு படுத்து, உடம்பு சுட்டு, ஈறு வெளுத்திருந்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனையில் தெரியும், சீக்கிரம் பார்த்தால் குணமாகும். "மழைக்கு மந்தமாக இருக்கிறது" என்று விட்டுவிடுகிற அந்த நாலு நாள்தான் பல நாய்களுக்கு எமனாகிறது. நம் காய்ச்சல் மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கிற வேலை மட்டும் வேண்டாம். நமக்கு மருந்தாக இருப்பது அதற்கு விஷமாகலாம்.

தெருவில் தண்ணீர் தேங்கினால் அதில் எலியின் மூத்திரமும் கலந்திருக்கும். எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருகிறது. நாய்க்கு வந்தால் அதன் மூத்திரத்தின் மூலம் வீட்டிலிருப்பவர்களுக்கும் வரலாம். நடந்து வந்ததும் காலைக் கழுவி, விரலிடுக்கைத் துணியால் ஒற்றி எடுங்கள். தொங்குகிற காது உள்ள நாய்களுக்குக் காதுக்குள் ஈரம் நின்று சீழ் வைக்கும், அதையும் பார்க்க வேண்டும்.

வெள்ளம் வரும் என்று அறிவிப்பு வந்தால் முதலில் சங்கிலியை அவிழ்த்துவிடுங்கள். கட்டிப்போட்ட பிராணியால் நீந்த முடியாது. 2015 டிசம்பரில் சென்னையில் நாயைத் தோளில் போட்டுக்கொண்டு படகேறியவர்களைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். "மனுஷனுக்கே இடமில்லை, நாய்க்கு என்ன" என்று அப்போது சிலர் பேசினார்கள். அந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை. நாய் சொர்க்கத்துக்கு வர இடமில்லை என்றால் எனக்கும் வேண்டாம் என்று தர்மன் சொன்ன கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

இதே பருவத்தில் தீபாவளி வேறு. நம் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், நாய்க்கு சுமார் 45,000 வரை கேட்கும். நமக்குக் கேட்காத தூரத்து வெடிச்சத்தமும் அதற்குக் கேட்டுவிடும். காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அரசு நேரம் ஒதுக்கியிருக்கிறது. தெருவில் அந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பது உங்களுக்கே தெரியும். அன்றைக்கு நாயை வெளியே கட்டாதீர்கள். வெளிச்சம் இருக்கும்போதே நடத்தி அழைத்து வந்து, உள் அறையில் ஜன்னலைச் சாத்தி, டிவியைக் கொஞ்சம் சத்தமாக வைத்து, யாராவது ஒருவர் கூட இருங்கள். கட்டிலுக்கடியில் போய் ஒளிந்தால் இழுக்க வேண்டாம். மிகவும் பயப்படுகிற நாய்க்கு மருந்து உண்டு, ஆனால் ஒரு வாரம் முன்பே மருத்துவரைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பேரனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: நாயின் வாலில் சரம் கட்டுவது விளையாட்டு இல்லை, குற்றம்.

மார்கழி, தை

நம் ஊர்ப் பனி வளர்ந்த நாயை ஒன்றும் செய்யாது. குட்டிக்கும் கிழநாய்க்கும்தான் கஷ்டம். எங்கள் மணிக்குப் பதினோரு வயது. நாட்டுநாய் ஜாதி, இன்ன இனம் என்று சொல்ல முடியாது. மார்கழிக் காலையில் அது எழுந்து நிற்பதற்கு எடுத்துக்கொள்ளும் நேரமும் நான் எடுத்துக்கொள்ளும் நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். டைல்ஸ் தரையில் படுக்க வைத்தால் மூட்டுப் பிடித்துக்கொள்கிறது. மரப்பலகை மேல் இரண்டு மடிப்புச் சாக்கு, அதன் மேல் என் மனைவியின் பழைய நூல் புடவை. வெயில் வந்த பிறகுதான் குளியல், அதுவும் மாதம் ஒன்றோ இரண்டோ முறை. விடியற்காலையில் குளிப்பாட்டிச் சாம்பிராணி போட நாய் ஒன்றும் பாவை நோன்பு இருக்கவில்லை.

தைப் பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலை நாய்க்கு வைக்காதீர்கள். சர்க்கரை இருக்கட்டும், அதிலுள்ள உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. வெங்காயமும் சாக்லேட்டும் அப்படித்தான் ஆகாதவை. "கண்ணைப் பார்த்தால் கொடுக்காமல் இருக்க முடியவில்லை" என்பார்கள். அந்தக் கண்ணுக்கு விஷம் எது என்று தெரியாது, நமக்குத் தெரியும்.

எந்த நாய், யாருக்கு?

பருவத்துக்குத் தக்கபடி பார்க்க வேண்டும் என்றால், முதலில் நம் பருவத்துக்குத் தக்க நாயாக இருக்க வேண்டும். சைபீரியப் பனியில் வண்டி இழுக்கப் பழகிய ஹஸ்கி இன்று தில்லைநகரில் இரைத்துக்கொண்டு நிற்கிறது. இரண்டடுக்கு ரோமத்தோடு அதற்கு இங்கே ஆண்டில் பத்து மாதம் கோடைதான். மொட்டை அடித்துவிட்டால் சரியாகும் என்று நினைப்பதும் தவறு, தோல் வெயிலில் புண்ணாகும். செல்போன் விளம்பரத்தைப் பார்த்து வாங்கிய பக் நாய்க்கு மூக்கே சப்பை, இரைக்கவே வழி குறைவு. இந்த நாய்களின் மேல் எனக்குக் கோபமில்லை. இருபதாயிரம், முப்பதாயிரம் கொடுத்து அவற்றை வாங்குவதைப் பெருமையாக நினைக்கிற புத்தியின் மேல்தான் கோபம்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்பவை நாயின் பெயர்கள் ஆவதற்கு முன் ஊர்ப் பெயர்கள். இந்த மண்ணின் வெயிலில் உருவான நாய்கள். நான் 34 வருஷம் வேலை பார்த்த அஞ்சல் துறை 2005-இல் நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையமும் அதில் இருந்தது. ஆனால் அவை ஓடுவதற்கும் வேட்டைக்கும் வளர்க்கப்பட்டவை, இரண்டு அறை அபார்ட்மெண்டில் அடைத்தால் அதுவும் கொடுமைதான். நம் வயதுக்கும் வீட்டுக்கும் பொருத்தமானது தெருவில் பிறந்த சாதாரண நாட்டுக்குட்டிதான் என்பது என் அபிப்பிராயம். காசும் இல்லை, பெருமையும் இல்லை, உடம்பு மட்டும் இந்த ஊருக்கு ஏற்றது.

கடைசியாக, யாரும் பேச விரும்பாத பருவம் ஒன்று இருக்கிறது. நாய் பன்னிரண்டு, பதினான்கு வருஷம் இருக்கும். எழுபது வயதில் குட்டி வாங்கினால் கணக்கு என்ன ஆகும்? பெரியவர் போய்ச் சேர்ந்த பிறகு, வீட்டைப் பூட்டுகிற அவசரத்தில் நாயைத் தெருவில் விட்டுவிட்டு விமானம் ஏறியவர்களை எங்கள் தெருவிலேயே கண்டிருக்கிறேன். பத்து வருஷம் கட்டுண்டு கிடந்த நாய்க்கு நிழல் தேடவும் தெரியாது, மற்ற நாய்களிடம் பிழைக்கவும் தெரியாது.

அதனால் பிள்ளைகளிடம் நான் தெளிவாகச் சொல்லிவிட்டேன். மணிக்குப் பிறகு இந்த வீட்டில் இன்னொரு குட்டி வராது. எனக்கு முன்னால் ஏதாவது ஆனால் மணி யார் வீட்டுக்குப் போக வேண்டும், தடுப்பூசிச் சீட்டு எந்த டிராயரில் இருக்கிறது, மாதச் செலவுக்கு எந்தக் கணக்கிலிருந்து எடுக்க வேண்டும் என்பதெல்லாம் ஒரு தாளில் எழுதி என் பென்ஷன் காகிதங்களோடு வைத்திருக்கிறேன். உயில் மாதிரி இருக்கிறதே என்று என் மகள் சிரித்தாள். உயில்தான்.

நீங்கள் ஏற்கெனவே நாய் வைத்திருந்தால், இன்று தினசரிக் காலண்டரை எடுத்து ஆடியில் ஊசி, ஐப்பசிக்கு முன் உண்ணி மருந்து, தீபாவளிக்கு முந்தைய வாரம் டாக்டர், பங்குனியில் மண்தொட்டி என்று குறித்து வையுங்கள். இனிமேல்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால், குட்டியைப் பார்க்கப் போகாதீர்கள், பார்த்தால் மனசு இளகிவிடும். முதலில் உங்கள் வீட்டில் மே மாதம் மதியம் 2 மணிக்கு எந்த இடத்தில் நிழல் விழுகிறது என்று பாருங்கள். அப்படி ஒரு இடம் இல்லை என்றால் நாய் வேண்டாம். வாசலில் ஒரு தொட்டித் தண்ணீர் வையுங்கள், தெருநாய்கள் வந்து குடித்துவிட்டுப் போகும். அதற்கும் புண்ணியம் உண்டு.